மழை இரவுகளில் ஜெபிக்கிறேன், பயம் போகவில்லை: என் விசுவாசம் குறைவா?

லயத்துவீடு (மூணாறு பக்கம்)
திங்கள், இரவு 11.50

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று மழை கொட்டுகிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குக் கண் மூடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் குடும்பம் மலையேறி நான்கு தலைமுறை ஆகிறது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் எங்களுக்கு ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் சின்னத் திண்ணை. பின்கதவைத் திறந்தால் பத்தடியில் மலைச்சரிவு தொடங்கிவிடும். சிறுவயதில் அந்தச் சரிவில்தான் விறகு பொறுக்கினேன், விளையாடினேன். பயம் என்றால் என்னவென்று தெரியாது.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எங்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. 70 பேர் போய்விட்டார்கள். நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த லயங்களும் எங்கள் லயம் போன்றவைதான். அதே தகரக் கூரை, அதே திண்ணை.

அன்றிலிருந்து, தகரத்தில் மழைச் சத்தம் மாறும் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து, ஓடைத் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பார்க்கிறேன். திரும்பி வந்து படுக்கிறேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் எழுகிறேன். ஓர் இரவில் ஏழெட்டு முறை. கணவருக்கு ஃபேக்டரியில் இரவு வேலை இருந்தால் இன்னும் அதிகம். 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைச் செய்தியைப் போனில் பார்த்த பிறகு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, மூச்சு முட்டுகிறது, இதோ செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அடங்குகிறது. பகலில், வெயில் அடிக்கும்போதுகூட ஒருமுறை வந்தது.

ஜெபிக்காமல் இல்லை. "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும்" என்று முழங்காலில் நிற்கிறேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் பயம் அப்படியே இருக்கிறது. ஜெபக்குழுவில் ஒரு மூத்தவரிடம் சொன்னேன். "விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது, மகளே" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அன்று முதல் எனக்கு இரண்டு பயம். மழை ஒன்று. தேவன் என்னைத் தள்ளிவிட்டாரோ என்பது இன்னொன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கீதம் 121-ஐ அப்பா எனக்கு ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்தார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." இப்போது அந்த முதல் வரி தொண்டையைத் தாண்டுவதில்லை. எந்த மலையைப் பார்த்து நடுங்குகிறேனோ, அந்த மலையிலிருந்து எனக்கு ஒத்தாசை வரும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பொய் சொல்வது போல இருக்கிறது.

நீங்கள் எல்லாம் எப்படி ஜெபிக்கிறீர்கள்?

பாலக்காட்டுச் சாட்சி
செவ்வாய், காலை 6.10

சகோதரி, கர்த்தர் உங்களை அறிவார். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று 2 தீமோத்தேயு 1:7 சொல்கிறது. ஆகவே இந்தப் பயம் தேவனிடத்திலிருந்து வந்ததல்ல. அதோடு பேச்சுவார்த்தை வேண்டாம். இயேசுவின் நாமத்தில் அதட்டுங்கள். மூன்று நாள் உபவாசம் எடுங்கள். மழைச் செய்தி, நிலச்சரிவுச் செய்தி எதையும் பார்க்காதீர்கள். எங்கள் சபையில் இப்படி விடுதலையான பலரை என் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்களுக்காக இன்று காலை ஜெபித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பீர்மேட்டு உபதேசியார்
செவ்வாய், மதியம் 2.30

மகளே, நானும் தேயிலை மலையில் பிறந்தவன்தான். 31 ஆண்டுகள் தோட்டத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றேன். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். உன் விசுவாசம் குறைவு இல்லை.

விசுவாசம் இருக்கிற இடத்தில் பயம் இருக்காது என்றால், சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனேயை என்ன செய்வது? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னவர் யார்? தனியாக இருக்க முடியாமல், விழித்திருங்கள் என்று மூன்று சீஷரைக் கூட்டிக்கொண்டு போனவர் யார்? அவர் எப்படி ஜெபித்தார் என்பதையும் மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தாராம். புதிய வார்த்தைகள் அவருக்கும் வரவில்லை. ஓர் இரவில் ஏழெட்டு முறை எழுந்து ஒரே ஜெபத்தைச் சொல்லும் நீ அவருக்குத் தூரத்தில் இல்லை, மிகவும் பக்கத்தில் இருக்கிறாய்.

தம்பி சாட்சி, உம்முடைய வசனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் கடைசிச் சொல் "தெளிந்த புத்தி". அதைப் பிறகு பேசுவோம். உபவாசத்தைப் பற்றி மட்டும் இப்போது ஒன்று. தூக்கமில்லாமல் மலையில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு மூன்று நாள் பட்டினி வேண்டாம். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாகிறேன் என்று சொன்னபோது தேவதூதன் வந்து உபதேசம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்கினான். தூதன் திரும்பி வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். பயந்து களைத்தவனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது சாப்பாடும் தூக்கமும்தான்.

இனி உன் ஜெபத்துக்கு வருகிறேன். "பயத்தை எடுத்துப்போடும்" என்று கேட்கிறாய். தவறில்லை. ஆனால் அப்படி மட்டும் கேட்டால், ஆமென் சொன்ன மறுநொடி பயம் போய்விட்டதா என்று சோதித்துப் பார்க்கத் தோன்றும். சோதித்தால் அது அங்கேயேதான் இருக்கும். பிலிப்பியர் 4:6-ஐ எடுத்துப் பார். உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் "தெரியப்படுத்துங்கள்" என்கிறது. தெரியப்படுத்துவது மட்டும்தான் உன் வேலை. அடுத்த வசனத்தில் தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் "காத்துக்கொள்ளும்" என்று வருகிறது. மூலமான கிரேக்கத்தில் அது படைவீரர் காவல் நிற்பதைச் சொல்லும் சொல். பிலிப்பி, ஓய்வு பெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர், அதனால் அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். எழுதிய பவுலோ அப்போது காவலில் கட்டுண்டு இருந்தார். வாசலில் காவல்காரன் நிற்பது எப்படி இருக்கும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுதியது அது. எதிரி ஓடிவிட்டான் என்று அந்த வசனம் சொல்லவில்லை. எதிரி வெளியே இருக்கும்போதே வாசலில் காவல் நிற்கிறது என்கிறது.

உன் வீட்டில் இப்போது யார் காவல் நிற்கிறார்கள்? டார்ச்சை வைத்துக்கொண்டு நீ நிற்கிறாய். ஐந்து மழைக்காலமாக ஒற்றை ஆளாக மலையைக் காவல் காக்கிறாய். எந்தக் காவல்காரனுக்கும் மாற்று ஆள் வேண்டும், மகளே.

சங்கீதம் 56:3-ஐ வைத்துக்கொள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்". வெளியே விடும்போது "உம்மை நம்புவேன்". அதை மெதுவாக, நீளமாக விடு. நீண்ட ஜெபம் வராத இரவில் இது போதும்.

121-ஆம் சங்கீதத்தைப் பற்றி எழுத வேண்டும். கண் வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

பொழியூர்க் கடலோரம்
செவ்வாய், இரவு 9.15

உபதேசியார் ஐயா எழுதுவதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன், மன்னியுங்கள். நான் கத்தோலிக்கப் பெண். பிறந்தது வள்ளவிளை. எல்லைக்கு இந்தப் பக்கம் பொழியூரில் வாழ்க்கைப்பட்டவள். மலைச் சங்கீதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் திருவிவிலியத்தை எடுத்துப் பார்த்தேன், அக்கா. எங்கள் மொழிபெயர்ப்பில் அந்த வரி இப்படி இருக்கிறது: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?"

எங்களிடம் அது கேள்வி! மலையைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்கிற கேள்வி. அடுத்த வரியில்தான் பதில். "விண்ணையும் மண்ணையும் உண்டாக்கிய ஆண்டவரிடமிருந்தே எனக்கு உதவி வரும்." மலையிடமிருந்து வரும் என்று யாரும் உங்களைச் சொல்லச் சொல்லவில்லை. உங்களைப் போலவே ஒருவர் மலையை அண்ணாந்து பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறார்.

என் கதையையும் சொல்கிறேன். 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கணவர் தங்கல் மீன்பிடி வேலைக்கு ஆழ்கடல் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கரையில் தென்னைகள் ஒடிந்து விழுந்தன. கடலில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. பங்குக் கோயிலில் இரவும் பகலும் ஜெபமாலை. 53 மணி மந்திரத்தில் ஒன்றைக்கூட என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் சொல்லச் சொல்ல, மணியை மட்டும் விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு மணியில் நூல் முடிச்சு தளர்ந்திருந்தது. அந்த இடம் வரும்போதெல்லாம் விரல் இடறும். ஒரு சுற்று முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது அந்த முடிச்சினால்தான். வாய் ஓய்ந்துபோனால் மற்றவர்களின் வாய் ஜெபிக்கும் என்று அன்றுதான் கற்றேன்.

எட்டாம் நாள் போன் வந்தது. மகாராஷ்டிரத்தில் தேவ்கட் துறைமுகத்தில் படகு ஒதுங்கியிருந்தது.

ஆனால் அக்கா, என் இடப்பக்கம் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னவளின் கணவர் வரவில்லை. அவள் என்னைவிட நன்றாக ஜெபிப்பவள். என் ஜெபம் கேட்கப்பட்டது என்று கோயிலில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நிற்கக் கால் வரவில்லை. இன்றும் வராது. ஜெபித்தால் மலை சரியாது என்றோ படகு கவிழாது என்றோ யாராவது உங்களிடம் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளாதீர்கள், அதை நம்பித்தான் நான் முதலில் உடைந்தேன். அவளும் நானும் இப்போதும் மாலை ஆறரை மணிக்கு ஒன்றாக ஜெபமாலை சொல்கிறோம். அவள் எப்படி வருகிறாள் என்று ஒருநாள் கேட்டேன். "அவரோடு சண்டை போடவாவது வர வேண்டாமா?" என்றாள்.

லயத்துவீடு
செவ்வாய், இரவு 11.05

தங்கச்சி, அந்தக் கேள்விக்குறியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. மாமியாரை எழுப்பிக் காட்டினேன். அவர்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். "இதைத்தானே நான் அறுபது வருஷமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றார்கள்.

பீர்மேட்டு உபதேசியார்
புதன், காலை 7.00

பொழியூர் மகள் சொன்னதுதான் சரி. எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது "எங்கிருந்து" என்று கேட்கும் சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை ஒரே ஓட்டமாக்கிவிட்டது. நான் அரை நாள் வைத்திருந்து எழுத நினைத்ததை ஒரு கடற்கரைப் பெண் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். மிச்சம் ஒன்றுதான். நான்காம் வசனத்துக்கு வா. "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை." நேற்று மாற்று ஆள் என்று சொன்னேனே, அவர்தான்.

வண்டிப்பெரியாறு செவிலி
புதன், மாலை 4.40

அக்கா, நான் கோட்டயத்தில் ஒரு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சி.எஸ்.ஐ. சபைப் பிள்ளை. உங்கள் முதல் பதிவைப் படித்ததும் என் கண் நின்ற இடம் விரல் மரத்துப்போவது, மூச்சு முட்டுவது, செத்துவிடுவேன் என்று தோன்றுவது. இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். பேனிக் அட்டாக் என்பார்கள். ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பில் ஒரு மணி கட்டியிருக்கிறது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு அந்த மணி காற்றடித்தாலே அடிக்கத் தொடங்கிவிடும். அட்ரினலின் பாயும், இதயம் ஓடும், வேகமாக மூச்சு விடுவதால் விரல் மரக்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதனால் சாக மாட்டீர்கள். ஆனாலும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் முதல் தடவை மருத்துவர் இதயத்தையும் பார்த்துச் சொல்லட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

உபதேசியார் ஐயா சொன்ன மூச்சு ஜெபத்தை நான் நோயாளிகளுக்கு வேறு பெயரில் சொல்லித்தருகிறேன். வெளியே விடும் மூச்சு உள்ளே இழுப்பதைவிட நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். தாவீதின் வசனத்தில் இரண்டாம் பாதியை இழுத்துச் சொன்னால் அது தானாக நடக்கும்.

தேயிலைத் தோட்டத்துக்காரி என்பதால் கேட்கிறேன். மழை இரவில் எத்தனை கட்டன் சாயா குடிக்கிறீர்கள்? எங்கள் அம்மா விழித்திருக்க வேண்டும் என்று ஃபிளாஸ்க் நிறையப் போட்டு வைப்பார். ஒரு தம்ளர் தேநீரின் வேகம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். படபடப்பு உள்ளவர்களுக்கு அது எரிகிற அடுப்பில் விறகு. மதியத்துக்கு மேல் வேண்டாம், அக்கா.

நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு. பேசிப் பேசிக் குணமாக்கும் முறை இருக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது. பதற்றத்துக்குத் தரும் முக்கியமான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால் பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான், படிப்படியாக. தூக்க மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அது பழகிப்போகும். மலையிலிருந்து இறங்கி வர முடியாத நாளில் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணம் கிடையாது, நடு இரவிலும் எடுப்பார்கள்.

பாலக்காட்டுச் சாட்சி
புதன், இரவு 8.20

செவிலி அக்காவிடம் ஒன்று கேட்கிறேன், வாதத்துக்காக அல்ல. மாத்திரையை நம்பத் தொடங்கினால் தேவனை நம்புவது குறையாதா? பிரசங்கங்களில் இதை எத்தனையோ முறை கேட்டு வளர்ந்தவன் நான்.

வண்டிப்பெரியாறு செவிலி
புதன், இரவு 10.00

தம்பி, நீங்கள் கண்ணாடி போடுகிறீர்களா? வேதத்தை வாசிக்கப் போடும் கண்ணாடி தேவனுக்குப் போட்டியாக வருவதில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா மருத்துவர். "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் நிருபத்தில் பவுலே எழுதுகிறார். வார்டில் ஜெபித்துக்கொண்டே மாத்திரை போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தூக்கம் திரும்பிய பிறகுதான் பலருக்கு ஜெபமே திரும்புகிறது. நான்கு நாள் தூங்காத மூளையால் ஒரு வசனத்தைக்கூட முழுதாகப் பிடித்துவைக்க முடியாது.

பாலக்காட்டுச் சாட்சி
வியாழன், காலை 5.30

இரவு முழுவதும் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும்.

என் அப்பா பதற்றத்துக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தில் கைதூக்கி விசுவாச அறிக்கை செய்துவிட்டு மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். நான்தான் அவரை அங்கே அழைத்துப் போனேன். முதல் வாரம் ஒளிவீசும் முகத்தோடு இருந்தார். மூன்றாம் வாரம் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். கதவுக்கு வெளியே நின்று நான் அதட்டி ஜெபித்தேன். உள்ளேயிருந்து அவர், "தம்பி, சத்தம் போடாமல் ஜெபியேன்" என்றார். பிறகு மருத்துவரிடம்தான் போனோம். இப்போது நன்றாக இருக்கிறார், மாத்திரையும் எடுக்கிறார், காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஜெபிக்கிறார். இதை நான் எந்தச் சாட்சியிலும் சொன்னதில்லை. கூட்டத்தில் அவர் கைதூக்கியதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

லயத்துவீட்டு அக்கா, உபவாசம் எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். "தெளிந்த புத்தி" என்ற சொல்லை உபதேசியார் ஐயா கைகாட்டிய பிறகுதான் பார்த்தேன். ஜெபிப்பதை நிறுத்தவில்லை. சத்தம் போடாமல் ஜெபிக்கிறேன்.

பீர்மேட்டு உபதேசியார்
வியாழன், காலை 9.10

தம்பி, இதை எழுத எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லும்.

கோதமங்கலம் மருமகள்
வியாழன், மாலை 3.00

நான் மார்த்தாண்டம் பெண். யாக்கோபாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். முதலில் இவர்களுடைய சுரியானி முறை ஜெபங்கள் எனக்கு ஒட்டவே இல்லை. எங்கள் சபையில் மனதில் வருவதைச் சொல்லி ஜெபிப்போம், இவர்கள் நூற்றாண்டுகளாக ஒரே வார்த்தைகளைச் சொல்கிறார்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இந்த நடுக்கம் வந்தது. மனதில் எதுவுமே வராத இரவுகள். அப்போதுதான் மாமியாரின் சூத்தாறா ஜெபம் காதில் விழுந்தது. படுக்கப் போகுமுன் சொல்வது. காவல் என்பதுதான் அந்தச் சுரியானிச் சொல்லின் பொருள். அதில் 91-ஆம் சங்கீதத்தையும் 121-ஆம் சங்கீதத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். "இரவில் உண்டாகும் பயங்கரத்துக்கும்" என்று ஒன்று. காக்கிறவர் உறங்குவதில்லை என்று இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியவர்கள் இரவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நடு நடுவே "குரியேலாயிசோன்" என்று வரும். கர்த்தாவே இரங்கும் என்ற கிரேக்கம், சுரியானி வழியாக மலையாளத்துக்கு வந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினேன். மருத்துவரிடமும் போனேன். எந்த ஜெபத்தால் தேறினேன், எந்த மாத்திரையால் தேறினேன் என்று பிரிக்க என்னால் முடியாது. மாமியார் தினமும் காய்ச்சித் தந்த கஞ்சியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பம்மெட்டு ஜீப்காரன்
வியாழன், இரவு 7.45

எனக்கு வசனம் சொல்லத் தெரியாது. மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அன்று ஜெபம் பண்ணிக்கொண்டு லயத்தில் உட்காராதீர்கள், முகாமுக்குப் போய் அங்கே ஜெபம் பண்ணுங்கள். ஓடை திடீரென்று கலங்கினாலும், மழை கொட்டும்போதே வற்றினாலும், சரிவில் வெடிப்பு தெரிந்தாலும், மரம் சாய்ந்தாலும் உடனே கிளம்புங்கள். அக்கா ஓடையைப் பார்ப்பது பைத்தியம் இல்லை, நல்ல பழக்கம்தான். ஆனால் இரவு முழுக்க ஒரே ஆள் பார்க்க வேண்டாம். உங்கள் லயத்தில் எத்தனை வீடு இருக்கிறது? முறை போட்டுக்கொள்ளுங்கள்.

லயத்துவீடு
அடுத்த செவ்வாய், காலை 5.50

ஒரு வாரமாக எழுதவில்லை. போனுக்கு டவர் இல்லை.

ஜீப்கார அண்ணன் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் லயத்தில் ஆறு வீடு. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் திண்ணையில் வைத்துக் கேட்டேன். நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். மூன்றாம் வீட்டுப் பெண் மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் செருப்புப் போட்டுத்தான் தூங்கவைக்கிறாளாம். கடைசி வீட்டுத் தாத்தா, தன் அப்பா 1924 வெள்ளத்தைப் பார்த்தவர் என்றார். குண்டலா ரயில் பாதையையே தண்ணீர் கொண்டுபோன அந்த 99-ஆம் ஆண்டு (மலையாளக் கணக்கில் 1099) வெள்ளத்துக்குப் பிறகு, அவர் சாகும்வரை மழை இரவில் படுத்ததே இல்லையாம், சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பாராம். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. எச்சரிக்கை வந்தால் எல்லோரும் சேர்ந்து இறங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். மற்ற மழை இரவுகளுக்கு முறை போட்டுவிட்டோம். ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம். டார்ச் வீடு மாறும்.

சனிக்கிழமை மஞ்சள் எச்சரிக்கைதான். ஆனாலும் நல்ல மழை. எங்கள் முறை பத்திலிருந்து பன்னிரண்டு. கணவர் ஃபேக்டரியில். மாமியாரும் நானும் பின்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தோம். ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் மட்டும். பதினோரு மணி வாக்கில் அது வந்தது. படபடப்பு, விரல் மரப்பு எல்லாம். "நான் பயப்படுகிற நாளில்" என்று மூச்சை இழுத்தேன். "உம்மை நம்புவேன்" என்று விட முடியவில்லை, பாதியில் அறுந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதியை அவர்கள் சொன்னார்கள். நான் முதல் பாதி, அவர்கள் இரண்டாம் பாதி. எத்தனை முறை என்று எண்ணவில்லை. பொழியூர்த் தங்கச்சி, உன் ஜெபமாலை முடிச்சை நினைத்துக்கொண்டேன். மாமியாரின் கட்டைவிரலில் கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஒரு தழும்பு காய்த்துப்போயிருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். பயம் போகவில்லை. ஆனால் இறங்கியது.

பன்னிரண்டு மணிக்கு நான்காம் வீட்டுக் கதவைத் தட்டி டார்ச்சைக் கொடுத்தேன். கை விட மனமில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் விரலைப் பிரித்துத்தான் வாங்கினாள். படுத்த பிறகு, "எங்கிருந்து எனக்கு ஒத்தாசை வரும்" என்று கேள்வியாகவே சொன்னேன். தொண்டையில் நிற்கவில்லை. இரண்டு முறை விழித்தேன். ஏழெட்டு அல்ல, இரண்டு. இரண்டாம் முறை விழித்தபோது சன்னலுக்கு வெளியே டார்ச் வெளிச்சம் ஓடைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் படுத்துவிட்டேன்.

செவிலித் தங்கச்சி சொன்ன எண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, டவர் கிடைக்கும் வளைவில் நின்று பேசினேன். தமிழிலேயே பேசினார்கள். வியாழக்கிழமை அடிமாலியில் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். மழை பெரிதாக இருந்தால் பஸ் வராது, அதனால் ஜீப்பில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். தைராய்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

தம்பி சாட்சி, உங்கள் அப்பாவுக்காக எங்கள் திண்ணை ஜெபத்தில் பெயர் தெரியாமலேயே ஜெபித்தோம். சத்தம் போடாமல்தான்.

சங்கு ஊதிவிட்டது. கொழுந்துக்குப் போக வேண்டும்.